கம்பு பிடித்து நின்றவர்

வ்ரோத்ஸ்வாஃப், போலந்து
11 பிப்ரவரி 1993

குஸார் அஞ்சலக அதிகாரி அவர்களுக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஓர் ஊரில் யாரையும் தெரியாதவர்கள் தபால் அதிகாரிக்குத்தான் எழுத வேண்டும் என்று என் அண்ணன் சொன்னார். பள்ளியில் கட்டாயத்துக்குப் படித்த ரஷ்ய மொழியில் எழுதுகிறேன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் யாத்விகா. முப்பத்தோரு வருடம் மருந்துக்கடையில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். 1942-ல் எனக்கு ஏழு வயது. போரில் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டுப் பிறகு விடுவிக்கப்பட்ட போலந்துக் குடும்பங்கள் எங்கள் ராணுவத்தைத் தேடித் தெற்கே மத்திய ஆசியாவில் உங்கள் பக்கம் வந்தபோது அம்மாவும் அண்ணன் ஸெனோனும் நானும் வந்தோம். பதினாலு வயது ஸெனோன் ராணுவத்தின் சிறுவர் படையில் சேர்ந்து ஏப்ரலில் ஈரானுக்குப் போய்விட்டார். அம்மாவையும் என்னையும் குஸாருக்கு வெளியே ஒரு கிராமத்தில், ஒரு வீட்டில் தங்கவைத்தார்கள். அந்த ஊரின் பெயர் எனக்கு நினைவில்லை. வாசலில் வாதுமை மரம் இருந்தது, எந்நேரமும் தண்ணீர் இரைந்துகொண்டே இருக்கும். அவ்வளவுதான்.

மே மாதம் எனக்கு டைஃபஸ் காய்ச்சல் வந்து குஸார் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டுபோனார்கள். அம்மாவை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. பிழைத்து எழுந்து அநாதை இல்லத்தில் இருந்தபோது ஓர் ஆசிரியை இந்தப் புகைப்படத்தைக் கையில் கொடுத்தார். பின்புறம் பென்சிலில் அம்மாவின் பெயரும் தேதியும், "ஹெலெனா, 3 ஜூன் 1942" என்று மட்டும் இருக்கிறது.

நகலை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். வெட்டவெளியில் ஒரு குழி. ராணுவப் போர்வையில் சுற்றிய என் அம்மா. எங்கள் ஆள் ஒருவர் சிலுவையோடு நிற்கிறார். வெறுங்காலோடு நாலு பேர், கைதிகள் என்று நினைக்கிறேன். ஒருவன் மண்வெட்டியைத் தரையில் போட்டுவிட்டான், அடுத்தவன் குனிந்து எடுக்கிறான். அம்மாவுக்கு மண் தள்ளக்கூட அவர்களுக்கு அலுப்பு. ஓரம் வெட்டியிருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம்.

இது எந்த இடம் என்று சொல்ல முடியுமா? எனக்காக இல்லை. ஸெனோனுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. இலையுதிர்காலம் வரை இருப்பாரா என்பதே சந்தேகம் என்கிறார் டாக்டர். அம்மாவை விட்டுவிட்டு ரொட்டிக்காகப் படையில் சேர்ந்தேன் என்பதை அவர் ஐம்பது வருடமாகச் சுமக்கிறார். அம்மா எங்கே கிடக்கிறாள் என்று தெரியாமல் போகமாட்டேன் என்கிறார்.

யாத்விகா


குஸார்
20 மார்ச் 1993

மரியாதைக்குரிய யாத்விகா அக்காவுக்கு,

வீட்டில் எல்லாரும் நலமா, கால்நடைகள் நலமா? நகரத்தில் கால்நடை இருக்காது என்று தெரியும். கேட்காமல் கடிதம் தொடங்க எனக்கு வராது.

என் பெயர் நோர்முரோத். நாற்பத்தொன்பது வயது. நீர்ப்பாசன அலுவலகத்தில் மடைகளைத் திறந்து மூடுகிறவன். எங்கள் தபால் அதிகாரி உங்கள் கடிதத்தை மூன்று நாள் மேசையில் வைத்துப் பார்த்துவிட்டு, "மாவட்டத்துல கால் படாத இடம் இல்லாதவன் நீ ஒருத்தன்தான்" என்று என் தலையில் கட்டிவிட்டார். புகழ்ச்சி என்று நினைத்து வாங்கிக்கொண்டேன். அவருடைய சோம்பல் என்று பிறகு புரிந்தது.

ரயில் பாதைக்கு அப்பால் போலந்து ராணுவத்தினரின் கல்லறை இருக்கிறது. இரண்டு முறை போய்விட்டேன். உங்கள் படத்தில் இருக்கும் சரிவு அங்கே இல்லை. ஆனாலும் வேறு எங்கும் இருக்க வழியில்லை. எங்கள் கிராமத்து முஸ்லிம் இடுகாடுகளில் வேற்று மதத்தவரை வைக்கமாட்டார்கள். ஆகவே அந்தக் கல்லறைக்குப் பக்கத்தில், பிறகு உழுதுவிட்ட நிலம் எதிலாவது இருக்கலாம். வருத்தமாக இருக்கிறது. உழுத நிலத்தில் தேடுவது என்பது வேறு வேலை.

ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். அந்த நாலு பேர் கைதிகள் இல்லை. எங்கள் விவசாயிகள். 1942-ல் இங்கே செருப்பு யாரிடம் இருந்தது? மண்வெட்டியை அவர்கள் அலுத்துப்போய்ப் போடவும் இல்லை. குழியருகில் மண்வெட்டியைக் கைக்குக் கை கொடுக்கமாட்டோம். தரையில் வைத்துவிடுவோம், அடுத்தவர் எடுத்துக்கொள்வார். கையோடு கை கொடுத்தால் சாவையும் சேர்த்துக் கொடுப்பதாகும். சொந்த அம்மாவுக்கு மண் போடும்போதும் அப்படித்தான் செய்வோம்.

படத்தின் இடது ஓரத்தைக் கத்தரியால் கோணலாக வெட்டியிருக்கிறார்கள். பொருட்படுத்த வேண்டாம் என்கிறீர்கள். தண்ணீர் அளக்கிறவனிடம் பாதி வாய்க்காலைக் காட்டி அளக்கச் சொல்லக்கூடாது. அங்கே என்ன இருந்தது?

நோர்முரோத்


வ்ரோத்ஸ்வாஃப்
17 ஏப்ரல் 1993

மதிப்பிற்குரிய நோர்முரோத் அவர்களுக்கு,

நீங்கள் இரண்டு முறை நடந்ததற்கு நன்றி. என்னை யாரும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. வீட்டில் நான்தான் கடைசி.

மண்வெட்டி விஷயத்தை ஸெனோனிடம் படித்துக் காட்டினேன். ஐம்பது வருடம் அந்த மனிதனைத் திட்டியிருக்கிறோம். இரண்டு பேருமே வெட்கப்பட்டோம்.

ராணுவக் கல்லறையின் பெயர்ப் பட்டியல் செஞ்சிலுவைச் சங்கத்தில் இருக்கிறது. அதில் அம்மா இல்லை. சாதாரணக் குடிமக்களை அங்கே வைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஆக உங்கள் ஊகமும் போயிற்று.

வெட்டிய ஓரத்தில் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. அங்கே ஒரு காவலாளி நின்றான். மற்ற எல்லாரும் குழியைப் பார்க்கிறார்கள், அவன் மட்டும் கையில் கம்போடு என்னையே முறைக்கிறான். சைபீரியாவில் எங்களை மரம் வெட்டவைத்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். பதின்மூன்று வயதில், போர் முடிந்து ஸெனோனும் நானும் மறுபடி ஒன்றாக இருந்த ஒரு கிறிஸ்துமஸ் அன்று, கத்தரியை எடுத்து அவனை வெட்டி எறிந்தேன். அம்மாவின் அடக்கத்தில் அவனுக்கு என்ன வேலை? இன்றைக்கும் எனக்கு அதில் வருத்தம் இல்லை.

யாத்விகா


குஸார்
12 மே 1993

யாத்விகா அக்காவுக்கு,

கடைசி என்றாலும் எனக்கு ஒன்பது வயது மூத்தவர் நீங்கள். அக்காதான்.

உங்களுக்குக் கோபம் வந்தால் எனக்கும் வரும், சொல்லிவிடுகிறேன். என் மனைவி கடிதத்தைக் கேட்டுவிட்டு, "அந்த அம்மா பாவம், மெதுவா எழுது" என்றாள். அவளுக்காக மெதுவாக எழுதுகிறேன்.

அந்தக் காலத்துக் காவலாளிகள் துப்பாக்கி வைத்திருந்தார்கள். கம்பு இல்லை. ஓர் ஏழை அம்மாவின் அடக்கத்துக்குக் காவல் போட அன்றைக்கு எந்த அரசாங்கத்துக்கும் ஆள் இல்லை. அந்தக் கம்புக்காரர் என்ன உடுத்தியிருந்தார்? இடுப்பில் ஏதாவது இருந்ததா? கம்பை எப்படிப் பிடித்திருந்தார்? ஏன் கேட்கிறேன் என்று சொல்லமாட்டேன். சொன்னால் நான் சொன்னபடியே உங்களுக்கு ஞாபகம் வந்துவிடும். நானே என் மனைவியிடம் அப்படிப் பலமுறை மாட்டியிருக்கிறேன்.

ஓரம் குப்பைக்குப் போய்விட்டதா? யாராவது எடுத்து வைத்திருக்க வாய்ப்பு உண்டா? இங்கே கோதுமை பழுக்கத் தொடங்கிவிட்டது, எல்லாரும் தண்ணீருக்காக என் கழுத்தைப் பிடிக்கிறார்கள். ஆனாலும் உங்கள் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் அலைகிறேன்.

நோர்முரோத்


வ்ரோத்ஸ்வாஃப்
2 ஜூன் 1993

தம்பி நோர்முரோத்துக்கு,

ஸெனோனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். உங்கள் கடிதத்தை அவர் கட்டிலருகில் படித்தேன். முடித்ததும், அலமாரியில் தொங்கிய தன் கோட்டைக் கேட்டார். உள் பையிலிருந்து தான் வேலை பார்த்த டிராம் பணிமனையின் பழைய அடையாளப் புத்தகத்தை எடுத்தார். அதன் அட்டைக்குள்ளிருந்து அந்த ஓரத்தை எடுத்துப் போர்வைமேல் வைத்தார்.

நான் வெட்டி எறிந்த அன்றே பொறுக்கி வைத்திருக்கிறார். நாற்பத்தைந்து வருடம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது, கத்தினேன், நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "அம்மாவைக் கடைசியாப் பாத்த ஆளுங்கள்ல அவனும் ஒருத்தன்," என்றார் ஸெனோன். "நான் பாக்கல. பாத்தவனை எப்படித் தூக்கிப் போடுறது?"

இந்தக் கடிதத்தோடு இருப்பது நகல் இல்லை, அசல். அவர்தான் அப்படியே அனுப்பச் சொன்னார். இடுப்பில் ஏதோ துணி கட்டியிருக்கிறது. மற்றதை நீங்களே பாருங்கள். எனக்கு இன்னும் அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

தபாலில் தொலைந்துவிட்டால் நான் உங்களைக் குற்றம் சொல்லமாட்டேன். கொஞ்சம் சீக்கிரம் எழுதினால் நல்லது.

யாத்விகா


குஸார்
9 ஜூலை 1993

அக்கா,

கிடைத்துவிட்டது. படமும் கிடைத்தது, இடமும் கிடைத்தது, உங்கள் அம்மாவும் கிடைத்துவிட்டார்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஸெனோன் அண்ணனிடம் இந்த வரியை உடனே படித்துவிட்டு மீதியை உட்கார்ந்து படியுங்கள்.

உறையைப் பிரித்து அந்த ஓரத்தைப் பார்த்ததும் அலுவலகத்தில் எழுந்து நின்றுவிட்டேன். பஞ்சு வைத்த அங்கி, அதன்மேல் இடுப்பில் மடித்துக் கட்டிய துணி, முன்னால் ஊன்றிய கம்பு. எங்களில் சாவு விழுந்த வீட்டில் இறந்தவரின் மகன், தம்பி, மருமகன் இப்படித்தான் நிற்பார்கள். துக்கத்துக்கு வருகிறவர்கள் துணியையும் கம்பையும் பார்த்து, இவர்தான் இழந்தவர் என்று தெரிந்து அவரிடம் போவார்கள். வேறு யாரும் அப்படி நிற்கமாட்டார்கள். தன் ஆட்கள் உயிரோடு இருக்கும்போது இடுப்பைக் கட்டுவது ஆகாது, சாவைக் கூப்பிடுவது போல. அவர் காவலாளி இல்லை அக்கா. உங்கள் அம்மாவின் மகனாக நின்றிருக்கிறார்.

அவருக்குப் பின்னால் மரத்தைக் குடைந்து வாய்க்கால் போலச் செய்த நீர்த்தொட்டி ஒன்று சாய்வாக இறங்குகிறது. தண்ணீர் விழுந்து சுற்றும் மாவு ஆலை. அதற்கும் பின்னால் மூக்குத்துவாரம் போல இரண்டு பொந்துள்ள பாறை. எங்கள் கிடங்கில் போருக்கு முந்தைய வாய்க்கால் வரைபடம் ஒன்று எலி கடித்துக் கிடக்கிறது. அதில் பதினோரு ஆலைகள். அவ்வளவு செங்குத்தாகத் தொட்டி வைக்கும் அளவுக்குத் தண்ணீர் விழுவது இரண்டே இரண்டில். முதல் இடத்தில் நாய் துரத்தியது, பாறை இல்லை. இரண்டாவது தோஷ்குதுக் கிராமம். பாறை அப்படியே நிற்கிறது, பொந்துகளில் புறா. அங்கே வாய்க்காலுக்கு 1968-ல் சிமெண்ட் போட்டவர்களில் நானும் ஒருவன். அந்த இடத்தை ஆயிரம் முறை கடந்திருக்கிறேன்.

நீங்கள் வெட்டவெளி என்று எழுதினீர்கள், நானும் வெட்டவெளியையே தேடினேன். அது பெரிய முட்டாள்தனம். ஐம்பது வருடத்தில் எங்கள் ஆட்கள் செத்துக்கொண்டேதானே இருந்தார்கள்? அன்றைக்கு இடுகாட்டுச் சுவருக்கு வெளியே குழி வெட்டினார்கள். பிறகு சுவரை இரண்டு முறை தள்ளிக் கட்டினார்கள். இப்போது உங்கள் அம்மா நடுவில் இருக்கிறார்கள், சுற்றிலும் ஊர்.

இதையெல்லாம் சொன்னவர் ஹோஸியத் என்ற மூதாட்டி. எழுபத்தோரு வயது, நாக்கு கத்தி. படத்தில் நிற்பவர் அவருடைய மாமனார், ஆலைக்காரர் ஜூராகுல். நீங்களும் அம்மாவும் இருந்தது அவர்கள் வீட்டில். ஓரத்தைக் கையில் கொடுத்தேன். தலைத்துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தார். "பல்லு வலின்னு ரெண்டு நாளாச் சாப்பிடல அன்னிக்கு. அதான் மூஞ்சி அப்படி இருக்கு," என்றார். நீங்கள் முறைப்பு என்று நினைத்தது அதுதான்.

ஹெலெனா இறந்த காலையில் ஊரில் விவாதம். இடுகாட்டில் வைக்கலாமா கூடாதா என்று உச்சிவேளை வரை பேசினார்கள். சுவருக்கு வெளியே என்று முடிவாயிற்று. ஜூராகுல் அதற்கு ஒத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, பெட்டியைத் திறந்து இடுப்புத் துணியை எடுத்தார். அவருடைய ஒரே மகன் ஹம்ரோ, இந்த ஹோஸியத்தின் கணவன், அப்போது போர்முனையில். ஹோஸியத்தின் மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிள்ளை போரில் இருக்கும்போது இடுப்பைக் கட்டாதீர்கள் என்று. ஜூராகுல் சொன்ன பதிலை ஹோஸியத் எனக்கு அப்படியே சொன்னார்: "இந்தம்மாவுக்கும் ஒரு பையன் படையிலதான் இருக்கான். அவன் வர முடியல. வாசல்ல நிக்க ஆள் இல்லாம என் வீட்டுல இருந்து ஒரு உசுரு போகக்கூடாது."

சாவைப் பதிய உங்கள் ராணுவ அலுவலர் வந்தபோது கூட ஒரு புகைப்படக்காரர் வந்திருக்கிறார். அவர் படம் எடுக்க வந்தவர் இல்லை, வழித்துணைக்கு வந்தவர். ஜூராகுல் அவர் கையைப் பிடித்து இழுத்து, ஆஸ்பத்திரியில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது, அதற்கு ஒரு படம் வேண்டும் என்று விடாமல் நின்றிருக்கிறார். எல்லாரும் குழியைப் பார்த்தபோது அவர் ஏன் கேமராவைப் பார்த்தார் என்று கேட்டேன். "அந்தப் புள்ள படத்தைப் பாக்கும்போது, நம்ம பக்கம் ஒருத்தர் நின்னாருன்னு அதுக்குத் தெரியணும்னுதான்," என்றார் ஹோஸியத்.

ஹம்ரோ திரும்பி வரவில்லை. 1943-ல் காணவில்லை என்று காகிதம் வந்தது. "ஒரு வருஷம் நான் மாமா மூஞ்சியைப் பாக்கல," என்று ஹோஸியத் தானாகவே சொன்னார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் உங்கள் அம்மாவின் மேட்டுக்குப் புதுக் களிமண் பூசுவது அவர்தான். முதலில் மாமனார் பூசினாராம், பிறகு இவர்.

ஓரம் ஏன் தனியாக இருக்கிறது என்று கேட்டார். பழைய காகிதம், கிழிந்துவிட்டது என்றேன். அது என் முதல் பொய் இல்லை, நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

நோர்முரோத்


வ்ரோத்ஸ்வாஃப்
2 ஆகஸ்ட் 1993

தம்பி,

நீங்கள் சொன்னபடி முதல் வரியை நின்றுகொண்டே படித்தேன். மீதியை உட்கார்ந்து படித்தேன். நடுவில் இரண்டு முறை நிறுத்தினேன், ஸெனோன் கையை ஆட்டி மேலே படிக்கச் சொன்னார். "அவன் வர முடியல" என்ற இடத்தில் கடிதத்தை அவரே வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

பிறகு ஜன்னலைப் பார்த்தபடி, "அப்ப என் இடத்துல ஒருத்தர் நின்னிருக்காரு," என்றார்.

அழுதார் தம்பி. அவர் அழுது நான் பார்த்ததில்லை. அந்த 1942 ஏப்ரலில் எங்களைவிட்டுப் போகும்போதுகூட அழவில்லை. கடிதம் படித்த அன்று ஒரு கிண்ணம் சூப்பு முழுவதும் குடித்தார். இரவெல்லாம் இருமாமல் தூங்கினார் என்று நர்ஸ் சொன்னாள்.

ஜூராகுல் பெயரில் தேவாலயத்தில் பூசை வைக்க வேண்டும் என்று மறுநாள் பிடிவாதம். பாதிரியாரிடம் போனேன். எந்தப் பங்குக் கோவிலைச் சேர்ந்தவர் என்று கேட்டார். தோஷ்குதுக் என்றேன். அப்படி ஒரு பங்கு தன் மறைமாவட்டத்தில் இல்லையே என்றார். முழுக் கதையையும் சொன்னேன். பேனாவை எடுத்து, பெயரை எப்படி எழுதுவது என்று மட்டும் கேட்டார்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதின்மூன்று வயதில் வெட்டினேன் என்று உங்களுக்கு எழுதித் தப்பிக்கப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு வயது வரை அவரை வெறுத்தது யார்? எனக்காகத் திரும்பி நின்றவரை நான் வெட்டினேன். ஹோஸியத்திடம் அந்தப் பொய்யைத் திருத்திவிடுங்கள். வெட்டியது நான்தான் என்று சொல்லுங்கள். இந்த நன்றியைப் பொய்யோடு சேர்த்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு நான் என்ன சொல்வது? எனக்காக நாய் துரத்த ஓடியிருக்கிறீர்கள். உங்கள் மனைவிக்கும் என் வணக்கம், மெதுவாக எழுதச் சொன்னதற்கு.

ஸெனோன் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். இரண்டு நாளாக அதையே கேட்டுக்கொண்டிருக்கிறார். ஜூராகுலின் மகன் திரும்பவில்லையே, அப்படியானால் ஜூராகுல் இறந்தபோது அவர் வாசலில் யார் நின்றது?

யாத்விகா


குஸார்
27 ஆகஸ்ட் 1993

அக்காவுக்கும் ஸெனோன் அண்ணனுக்கும்,

கேள்வியை எடுத்துக்கொண்டு மறுபடியும் தோஷ்குதுக் போனேன். முதலில் கத்தரி விஷயத்தைச் சொன்னேன். ஹோஸியத் சிரித்துவிட்டார். "நானும்தான் ஒரு வருஷம் வெட்டி வெச்சிருந்தேன்," என்றார். அதோடு அது முடிந்தது.

ஜூராகுல் 1957-ல், உழவு தொடங்கும் நேரத்தில் இறந்தார். வீட்டில் ஆண் என்று யாரும் இல்லை. ஹோஸியத்துக்கு ஒரே மகள். யாரை இடுப்பைக் கட்டி நிற்கச் சொல்வது என்று பெண்கள் உள்ளே கவலைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். வெளியே சத்தம் கேட்டு ஹோஸியத் கதவைத் திறந்தார். அந்த ஆலையில் மாவு அரைத்த ஏழு கிராமத்து ஆண்கள் சுவர் ஓரமாக வரிசையாக நின்றார்களாம். எல்லாரும் இடுப்பைக் கட்டியிருந்தார்கள். துணி இல்லாதவர்கள் மனைவியின் தலைத்துணியைக் கட்டியிருந்தார்கள். கம்பு போதாமல் வேலியிலிருந்து பிடுங்கியிருக்கிறார்கள். துக்கம் கேட்க வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு யாரிடம் போவது என்று தெரியவில்லை. கடைசியில் ஒவ்வொருவரிடமும் போனார்கள், அதற்கே மாலை ஆகிவிட்டது.

என் அப்பாவும் அங்கேதான் கோதுமை அரைத்தார். நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். கேட்க அவர் இல்லை.

ஸெனோன் அண்ணனுக்கு உடம்பு தேறினால் வருவாரா என்று ஹோஸியத் கேட்டார். நுரையீரல், விமானம், டாக்டர் என்று நான் ஏதேதோ சொன்னேன். இத்தனை வருடம் கழித்துத் துக்கம் கேட்க வரலாமா என்று அவர் தயங்கக்கூடும் என்றும் சொன்னேன். எங்களில் அதற்குக் காலக்கெடு கிடையாது, எப்போது வந்தாலும் வாசல் திறந்துதான் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாதல்லவா. ஹோஸியத் என்னை நிறுத்தினார்.

"மாமாவுக்கு ரெண்டு புள்ளைங்க. ஒருத்தன் இனிமே வரமாட்டான். இன்னொருத்தன் இருக்கான்ல, அவனை வரச் சொல்லு. முடியலைன்னா அங்கேயே அவன் வீட்டு வாசல்ல கொஞ்ச நேரம் நிக்கட்டும். எனக்கு அது போதும்."

அப்படியே எழுதியிருக்கிறேன். படத்தின் ஓரத்தை இந்த உறையிலேயே திருப்பி அனுப்புகிறேன்.

உங்கள் தம்பி
நோர்முரோத்